வெர்மான்ட் டன்பிரிட்ஜ் கம்பளித் திருவிழா: அம்மாவோடு முதல் தடவை போகிறோம், எதை எப்படிப் பார்த்து வாங்குவது?

மஞ்சள்நூல்

வணக்கம். வெர்மான்ட் மாநிலம் டன்பிரிட்ஜில் அக்டோபர் தொடக்கத்தில் நடக்கும் செம்மறி-கம்பளித் திருவிழாவுக்கு நியூஜெர்சி எடிசனிலிருந்து காரில் போகலாம் என்று இருக்கிறோம். கூட அம்மா வருகிறார். கொடைக்கானலிலிருந்து அந்த வாரம்தான் வந்து இறங்குகிறார். இரண்டு ஊசி ஸ்வெட்டர் வேலை அவருக்கு அத்துப்படி, ஆனால் இத்தனை வருடமும் அக்ரிலிக் நூலில்தான் பின்னியிருக்கிறார். எனக்கு குரோஷா மட்டும் வரும்.

ஒரு நாள் போதுமா, சனி ஞாயிறு இரண்டு நாளும் இருக்க வேண்டுமா? அப்பாவுக்கு முழுக்கை ஸ்வெட்டர் பின்ன (நெஞ்சளவு 40 அங்குலம்) எத்தனை சிட்டம் (முறுக்கிக் கட்டிய நூல் கற்றை) வாங்க வேண்டும்? கையால் சாயம் போட்ட நூல், பண்ணை நூல் என்று பல வகை இருக்குமாம், எதை நம்பி வாங்கலாம்? நாங்கள் சைவம், அங்கே சாப்பிட ஏதாவது கிடைக்குமா? நூலுக்கென்று ஒதுக்கியிருப்பது 200 டாலர்.

வெள்ளாறு

ஒரு நாள் தாராளமா போதும். இது நியூயார்க் ரைன்பெக் கம்பளி விழா மாதிரி கிடையாது. அங்கே அக்டோபர் மூணாவது வார இறுதியில கூட்டம் அலைமோதும், பேர்போன சாயக்காரர் கடைன்னா வாசல்லயே வரிசை நிக்கும். டன்பிரிட்ஜ் சின்ன விழா. நூல் விக்கிறவங்களே பல கடையில ஆடு வளர்க்கிறவங்களா இருப்பாங்க. எந்த ஆட்டு ரோமம், எங்கே நூத்தாங்கன்னு நின்னு நிதானமா கேக்கலாம். அம்மாவோட போக இதுதான் சரி.

ஸ்வெட்டர் அளவுக்கு ஒரே சாயத்துல ஆறேழு சிட்டம் வேணும்னா சனிக்கிழமை கதவு திறக்கிற நேரத்துக்குப் போயிடுங்க. ஒரு வண்ணத்துல நாலு அஞ்சு சிட்டம்தான் பலர்கிட்ட இருக்கும், மதியத்துக்குள்ள ரெண்டு போயிடும். ஒத்தைச் சிட்டம், தக்கிளி (கையால சுத்தி நூல் நூக்கிற கதிர்), சோப்பு, பொத்தான் இதுக்கெல்லாம் ஞாயிறு போதும். அந்த வருஷத்துத் தேதியும் நேரமும் விழாவோட பக்கத்துல ஒரு தடவை பாத்துட்டுக் கிளம்புங்க.

வழி: 91-ம் நம்பர் நெடுஞ்சாலையைப் பிடிச்சு வடக்கே ஒயிட் ரிவர் ஜங்ஷன் வரைக்கும், அங்கே 89-ல வடக்கே திரும்பி ஷேரன் வெளிவழி (எண் 2), அப்புறம் 14-ம் நம்பர் சாலை, சவுத் ராயல்டன் பக்கத்துல 110-ல வலது. எடிசன்லேருந்து நிக்காம போனா அஞ்சு மணி நேரம் வரும். 110 ஆத்தோரமாவே போற ரெண்டு வழிச் சாலை. டன்பிரிட்ஜ்ல கூரை போட்ட பழைய மரப் பாலங்கள் இருக்கு, அதுக்காகவே கொஞ்சம் முன்னாடி கிளம்பலாம். பெட்ரோல் ஒயிட் ரிவர் ஜங்ஷன்லயே போட்டுக்கோங்க. மலைப் பள்ளத்துல செல்போன் சிக்னல் நம்ப முடியாது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வச்சுக்கோங்க.

அதே காரணத்தால கார்டு இயந்திரமும் சுத்திக்கிட்டே நிக்கும். ரொக்கம் எடுத்துட்டுப் போங்க, 20 டாலர் தாளும் 5 டாலர் தாளுமா. பண்ணைக்காரங்க சிலர் காசோலையும் வாங்குவாங்க.

தங்கறதா இருந்தா இப்பவே அறை பிடிங்க. இலை நிறம் மாறுற உச்ச நேரமும் அதேதான், விலை ஏறிக்கிட்டே போகும். பக்கத்து நியூஹாம்ப்ஷர் மாநிலத்து லெபனான், ஒயிட் ரிவர் ஜங்ஷன் பக்கம் பாருங்க.

உடுப்பு: காலையில புல்லு மேல உறைபனி இருந்தாலும் ஆச்சரியமில்ல, மதியம் 15 டிகிரி வரைக்கும் ஏறலாம். கடையெல்லாம் திறந்த கொட்டகையில, சூடு கிடையாது, தரை மண்ணு. முன்நாள் மழை பெஞ்சா சேறு. அம்மாவுக்கு மூடின ஷூவும் தடிச்ச காலுறையும் கட்டாயம்.

இதைக் கவனமா படிங்க: அம்மா அந்த வாரம்தான் வர்றாங்கன்னா ஆடு மாட்டுக்குப் பக்கத்துல போக விடாதீங்க. இந்தியாவுல கோமாரி நோய் இருக்கு, அமெரிக்காவுல இல்ல. கோமாரி உள்ள நாட்டுலேருந்து வந்தவங்க குறைஞ்சது 5 நாள் கால்நடை பக்கம் போக வேண்டாம்னு இங்கே பண்ணைகள்ல சொல்வாங்க. ஊர்ல மாட்டுத் தொழுவத்துக்குப் போட்டுட்டுப் போன செருப்பு, ஷூ எதையும் அங்கே போட வேண்டாம். நாள் கணக்கு ஒத்து வரலைன்னா நூல் கடையோட நிறுத்திக்கோங்க, ஆட்டுக் கொட்டகைக்குள்ள நீங்க மட்டும் போயிட்டு வாங்க. ஒரு பண்ணைக்காரரோட மொத்த மந்தையும் இதுல அடங்கியிருக்கு.

சாப்பாடு: ஆட்டு விழாங்கறதால ஆட்டுக்கறிதான் முன்னாடி நிக்கும். சைவத்துக்கு உருளை வறுவல் (எண்ணெய் கறிக்கும் பொதுவான்னு கேளுங்க), சீஸ் வச்சு வாட்டின ரொட்டி, ஆப்பிள் சைடர் டோனட் மாதிரி கிடைச்சாதான் உண்டு. மேப்பிள் க்ரீமி கண்ணுல பட்டா விடாதீங்க, வெர்மான்ட்ல மெத்து ஐஸ்கிரீமுக்கு அதுதான் பேரு. வயித்துக்குப் புளியோதரை கட்டிக்கிட்டுப் போங்க. அந்தக் குளிர்ல தயிர் சாதம் இறங்காது.

ஊசிமுனை

நூல் கணக்கைச் சிட்டத்தில் போடாதீர்கள், கஜத்தில் போடுங்கள். ஒருவர் 4 அவுன்ஸ் சிட்டம் விற்பார், அடுத்தவர் 100 கிராம், இன்னொருவர் 50 கிராம். லேபிளில் எடையும் கஜமும் இருக்கும். கஜம் எழுதாத நூலை ஸ்வெட்டருக்கு வாங்கவே வேண்டாம்.

நெஞ்சு 40 அங்குலம், முழுக்கை, சாதாரணப் பின்னல், 4 அங்குலத்துக்கு 18 கண்ணி வரும் வொர்ஸ்டட் தடிமன் என்றால் 1,200 கஜம் பிடிக்கும். 100 கிராமுக்கு 200 கஜம் ஓடும் நூலில் ஆறு சிட்டம். ஏழாக வாங்குங்கள். கேபிள் முறுக்கு வைத்துப் பின்னுவதாக இருந்தால் 15 முதல் 20 சதம் கூடும், அதற்கு ஏழுமே இழுபறிதான். கொஞ்சம் மெல்லிய டிகே தடிமனுக்கு 1,400 கஜம் பக்கம். சாக்ஸ் நூல் தடிமனான ஃபிங்கரிங் என்றால் 1,700 வரை போகும். நீங்கள் குரோஷாவில் போடுவதாக இருந்தால் இதே உடுப்புக்குக் கால் பங்கு, சில தையலில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் குடிக்கும்.

சிட்டம் 24 டாலர் என்று வைத்தால் ஏழுக்கு 168. மிச்சத்தில் ஒரு ஒற்றைச் சிட்டம் வரும். கையால் சாயம் போட்ட மெரினோ 30-ஐத் தொடும், அதில் ஏழு என்றால் பட்ஜெட் தாண்டிவிடும். இந்தக் காசுக்குச் சாயம் போடாத இயற்கை நிறப் பண்ணை நூலைப் பாருங்கள். வெள்ளை, ஓட்ஸ் நிறம், சாம்பல், காப்பிப் பழுப்பு என்று ஆட்டின் நிறத்திலேயே வரும். அப்பாவுக்கு அந்தச் சாம்பல் நன்றாகவும் இருக்கும்.

அம்மாவிடம் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊரில் 4 பிளை என்று கேட்டால் கடைக்காரர் குறிப்பிட்ட தடிமனை எடுத்துத் தருவார். இங்கே லேபிளில் 4 பிளை என்றிருந்தால் நான்கு புரி சேர்த்து முறுக்கியது என்று மட்டும்தான் பொருள். மெல்லியதாகவும் இருக்கும், கயிறு மாதிரித் தடித்தும் இருக்கும். அதைவிட மோசம் ஊசி நம்பர். ஊரில் விற்கும் 8-ம் நம்பர் ஊசி பழைய பிரிட்டிஷ் கணக்கு, 4 மி.மீ. அமெரிக்க 8 என்பது 5 மி.மீ. ஊர் ஊசியில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், இங்கே ஏற ஏறத் தடிக்கும். லேபிளில் "8-ம் நம்பர் ஊசி" என்று படித்துவிட்டு அம்மா தன் பையிலிருக்கும் 8-ஐ எடுத்துப் பின்னினால் ஸ்வெட்டர் அட்டை மாதிரி விறைத்து, அளவும் சின்னதாகிவிடும். மி.மீ. மட்டும் பாருங்கள். ஓட்டை போட்ட அளவுகோல் ஒன்று 5 முதல் 10 டாலருக்குள் கிடைக்கும், அதையும் வாங்கிவிடுங்கள்.

கையால் சாயம் போட்ட நூல் வாங்கினால்: ஒரே தொட்டியில் போட்ட சிட்டங்கள்கூட அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும், அச்சு அசலாக இருக்காது. ஏழையும் கொட்டகைக்கு வெளியே பகல் வெளிச்சத்தில் அடுக்கிப் பாருங்கள் (கேட்டால் விடுவார்கள்), கொட்டகை பல்பு மஞ்சளடிக்கும். தனித்துத் தெரியும் சிட்டத்தை விளிம்புக்கும் கழுத்துப் பட்டிக்கும் ஒதுக்குங்கள். உடம்பு பின்னும்போது இரண்டு சிட்டத்தை வைத்துக்கொண்டு இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றி மாற்றிப் பின்னுங்கள். அப்படிச் செய்யாமல் ஒரு சிட்டம் தீர்ந்து அடுத்ததைத் தொடங்கினால், அந்த இடத்தில் நெஞ்சுக்குக் குறுக்கே கோடு போட்டது போலத் தெரியும்.

கருநீலம், ரத்தச் சிவப்பு, டர்க்காய்ஸ் மூன்றும் சாயம் விடும் நிறங்கள். ஈரமான வெள்ளைத் தாளை இரண்டு விரலில் சுற்றி, விற்பவரிடம் கேட்டுவிட்டு, நூலின் ஓரத்தில் தேய்த்துப் பாருங்கள். அவுரிச் சாயம் தேய்த்தால் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும், அதன் தன்மை அது. மற்றவற்றில் ஒட்டினால் அந்த நூலை வெள்ளையோடு சேர்த்துப் பின்னாதீர்கள். வீட்டில் வினிகரில் ஊறவைத்தால் நின்றுவிடும் என்பார்கள். பச்சைத் தண்ணீரில் வினிகர் விட்டு ஒன்றும் நடக்காது. அமிலச் சாயம் கம்பளியில் பிடிக்கச் சூடும் வேண்டும்.

முப்புரி

மேலே சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் எந்த ஆட்டு நூல் என்பதில்தான் முதல் தடவை போகிறவர்கள் ஏமாறுகிறார்கள். யாரும் ஏமாற்றுவதில்லை, கை ஏமாற்றுகிறது. கூடையில் கைவிட்டு, எது மெத்தென்று இருக்கிறதோ அதை எடுத்துவிடுகிறோம். மெத்து அதிகமான நூல், குறிப்பாக ஒற்றைப் புரி மெரினோ, அக்குளிலும் பையை மாட்டும் தோளிலும் சீக்கிரமே உருண்டை உருண்டையாகப் பிசிறு கட்டும். இழை மெல்லியது, முறுக்கும் குறைவு. உராய்ந்தால் நுனிகள் வெளியே வந்து சுருண்டுகொள்ளும்.

அப்பாவின் ஸ்வெட்டர் சட்டைக்கு மேல் போடுவது. அதற்கு மெரினோ தேவையே இல்லை. கோரிடேல், ரோம்னி, அல்லது ரோம்னி கலந்த கலப்பின ஆட்டு நூல், இரண்டு அல்லது மூன்று புரி, பல வருடம் உழைக்கும். மூன்று புரி நூலின் குறுக்குவெட்டு உருண்டையாக வருவதால் கண்ணி எடுப்பாகத் தெரியும், தேய்மானமும் குறைவு. இரண்டு புரி கொஞ்சம் தட்டை. பூவேலைச் சால்வைக்கு அழகு.

கழுத்தில் பட்டால் குத்துமா என்பதை உள்ளங்கையால் கண்டுபிடிக்க முடியாது, அங்கே தோல் தடித்தது. மணிக்கட்டின் உள்பக்கத்தில் அல்லது தாடைக்குக் கீழே ஒரு நிமிடம் வைத்து அழுத்திப் பாருங்கள். சுமார் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-ல் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகள் 5 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலோருக்குக் குத்தும். மெரினோ பொதுவாக 18 முதல் 23 மைக்ரான், புளூஃபேஸ்டு லெஸ்டர் 24 முதல் 28, ரோம்னி 30-க்கு மேல். விற்பவரிடம் ஆட்டினமும் எந்த வயது ஆட்டின் ரோமம் என்பதும் கேளுங்கள். குட்டியின் முதல் வெட்டு எந்த இனத்திலும் மெல்லியது.

அல்பாக்காவை ஸ்வெட்டருக்கு எடுக்காதீர்கள். கம்பளிக்கு உள்ள சுருள் அதில் குறைவு. இழுத்தால் திரும்பி வராது. ஏழு சிட்டத்து எடை தோளில் தொங்கி ஒரு மாதத்தில் ஸ்வெட்டர் முழங்காலை நோக்கி இறங்கும். தொப்பி, கழுத்துத் துணிக்கு அருமை. மோகேர் என்பது அங்கோரா வெள்ளாட்டின் ரோமம், அங்கோரா என்பது முயலின் ரோமம். இரண்டும் அந்தக் கொட்டகைகளில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கக்கூடும்.

சூப்பர்வாஷ் என்று எழுதியிருந்தால் இழையின் மேலுள்ள செதில்களைக் குளோரினால் மழுக்கி, பிசின் பூசிய நூல். இயந்திரத்தில் போட்டாலும் சுருங்கித் தடிக்காது, சாயமும் பளிச்சென்று பிடிக்கும். ஆனால் நனைந்தால் நீளும். ஆறு அங்குலச் சதுரம் பின்னி, நனைத்து, காயவைத்து அளந்த பிறகே கண்ணி எண்ணிக்கை முடிவு செய்ய வேண்டும். பண்ணை நூலுக்கும் இதே சோதனை வேண்டும், காரணம் வேறு: நூற்பாலை எண்ணெயும் மிச்சமிருக்கும் லனோலினும் (ஆட்டு ரோமத்தின் கொழுப்பு) போனதும் நூல் பூத்துப் பருக்கும். சிட்டத்தில் ஒல்லியாக, கொஞ்சம் கரடாகத் தெரிந்த நூல் வெந்நீரில் ஒரு முறை அலசியதும் வேறு நூலாகிவிடும். இதைத் தெரியாமல்தான் நல்ல பண்ணை நூலைப் பலர் கீழே வைத்துவிட்டுப் போகிறார்கள். கடைக்காரர் மேசையில் பின்னிக் கழுவிய மாதிரித் துண்டு இருந்தால் நூலை விட்டுவிட்டு அந்தத் துண்டைத் தொட்டுப் பாருங்கள்.

வெர்மான்டில் ஏன் இத்தனை ஆட்டுக்காரர்கள் என்றால், 1811-ல் வில்லியம் ஜார்விஸ் ஸ்பெயின் மெரினோ ஆடுகளை வெதர்ஸ்ஃபீல்டில் உள்ள தன் பண்ணைக்குக் கொண்டுவந்தார். 1840-ல் அந்தச் சின்ன மாநிலத்தில் சுமார் 16 லட்சத்து 80 ஆயிரம் ஆடுகள், மனிதர்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. பிறகு மேற்கு மாநிலங்களின் மலிவுக் கம்பளி வந்து விலை விழுந்தது. காடாகிவிட்ட மலைச்சரிவுகளில் இப்போதும் கற்சுவர்கள் ஓடுகின்றன. பல அந்நாளைய மேய்ச்சல் நிலத்தின் வேலிகள். அம்மாவுக்கு இது அந்நியமாக இருக்காது: கொடைக்கானலுக்கு மேலே மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் பாரத் மெரினோ வளர்க்கிறது. அதே ரத்தம்தான். 1981-ல் புட்னியில் தொடங்கிய கிரீன் மவுன்டன் ஸ்பின்னரி அதே மாநிலத்து நூற்பாலை. அந்தப் பெயர் போட்ட சிட்டம் கண்ணில் பட்டால் எடுத்துப் பார்க்கலாம்.

மஞ்சள்நூல்

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், ஊசி நம்பர் விஷயம் அவருக்கும் புதிது. வெட்டிய ரோமத்தை அப்படியே பையில் விற்பார்களாமே? அதை வாங்கிக் கழுவி நாமே நூற்க முடியுமா என்று கேட்கிறார். பள்ளிக்கூடத்தில் தக்கிளியில் பஞ்சு நூற்றிருக்கிறார்.

ராட்டை

முடியும். ஆனால் எதை வாங்குகிறீர்கள் என்று தெரிந்து வாங்குங்கள். ஒரு ஆட்டின் முழு ரோமம் இனத்தைப் பொறுத்து 2 முதல் 4 கிலோ. பவுண்டு கணக்கில் விற்பார்கள், நல்ல கைநூற்பு ரோமம் பவுண்டு 10 டாலரிலிருந்து 20-க்கு மேலும் போகும். அதில் பாதி எடை நீங்கள் கழுவி ஊற்றப் போவது. மெரினோவில் கொழுப்பும் அழுக்கும் போய் 50 சதம்தான் மிஞ்சும், சில சமயம் அதற்கும் கீழே. ரோம்னி, பார்டர் லெஸ்டர் போன்ற நீள ரோமத்தில் 70, 75 சதம் நிற்கும். முதல் தடவைக்கு மெரினோ வேண்டவே வேண்டாம், கொழுப்பைக் கழற்றுவது பெரும்பாடு.

பையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டுவார்கள். தோள், விலா, தொடை மூன்று இடத்திலிருந்தும் பென்சில் தடிமனுக்கு ஒரு கொத்து கேளுங்கள். இரண்டு முனையையும் இறுகப் பிடித்து, காதோரம் வைத்து, வெடுக்கென்று இழுங்கள். கம்பியைச் சுண்டியது போல 'டிங்' என்றால் ரோமம் உறுதி. 'படபட' என்று நொறுங்கும் சத்தம் வந்தாலோ நடுவில் அறுந்தாலோ வைத்துவிடுங்கள். ஆடு காய்ச்சல் கண்டபோதோ குட்டி போட்டபோதோ தீனி குறைந்தபோதோ வளர்ந்த பகுதி அந்த இடத்தில் மெலிந்திருக்கும். அப்படி ஒரு ரோமத்தை நூற்றால் இழை இழையாக முறிந்து நூல் முழுக்கக் குருணை விழும்.

நுனி மட்டும் உடைந்தால் பெரிய குற்றமில்லை, வெயிலில் பட்டது. குட்டி ரோமத்தில் சகஜம்.

அடுத்து வெட்டுப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அரை அங்குலத் துணுக்குகள் உதிர்ந்தால் கத்தரித்தவர் ஒரே இடத்தில் இரண்டு தரம் ஓட்டியிருக்கிறார். கொஞ்சம் இருந்தால் உதறிவிடலாம், நிறைய இருந்தால் வேண்டாம். வைக்கோல், விதை, முள் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். நீளப் புல் கழுவும்போதும் சிக்கெடுக்கும்போதும் விழும். நொறுங்கிய வைக்கோல் தூளும் ஒட்டுப்புல் விதையும் கடைசிவரை வரும், ஸ்வெட்டருக்குள்ளும் இருக்கும். மஞ்சள் நிறத்தில் எண்ணெய்ப் பசை என்றால் கழுவினால் போகும். பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள் கறை இழைக்குள் ஊறியது, போகவே போகாது. அடிப்பக்கம் ஏற்கெனவே ஒட்டிக் கம்பளம் மாதிரி இருந்தால் பிரிக்க முடியாது.

கழுவும் முறை: 500 கிராமை வலைப்பையில் தளர்வாகப் போடுங்கள். 15 லிட்டர் தண்ணீர், 60 முதல் 65 டிகிரி, பாத்திரம் தேய்க்கும் திரவம் மூன்று மேசைக்கரண்டி. முதலில் தண்ணீர், பிறகு சோப்பு, கடைசியில் ரோமம். மேலே அழுத்தி முக்கிவிட்டு கையை எடுத்துவிட வேண்டும். அலசக் கூடாது, பிழியக் கூடாது, குழாய்த் தண்ணீரை அதன் மேல் விடக் கூடாது. சூடும் சோப்பும் ஈரமும் ஏற்கெனவே இருக்கின்றன. அசைவும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு ரோமம் ஜமக்காளமாகிவிடும். 15 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். லனோலின் சுமார் 40 டிகிரியில் உருகும். தண்ணீர் அதற்குக் கீழே ஆறும்வரை விட்டால் கழன்ற கொழுப்பு மறுபடி இழையில் படிந்து பிசுக்காக நிற்கும். காய்ந்த பிறகும் கை ஒட்டுகிறது என்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்குக் காரணம் இதுதான்.

அதே சூட்டில் இன்னொரு தொட்டி, பாதி சோப்பு. பிறகு சோப்பில்லாமல் இரண்டு தொட்டி, அதே சூடு. சுடு தொட்டியிலிருந்து திடீரென்று குளிர்நீருக்கு மாற்றாதீர்கள். பையோடு துவைப்பு இயந்திரத்தில் 'சுழற்று' மட்டும் வைக்கலாம், தண்ணீர் பீய்ச்சாத இயந்திரமாக இருந்தால். பிறகு வலையில் பரப்பி நிழலில் காயவிடுங்கள்.

முதல் தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குழாய்க்குள் ஆறி லனோலின் மெழுகாக உறையும். வாளியில் எடுத்துத் தோட்டத்தில் செடிக்கு ஒதுக்கமாக ஊற்றுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே முழு ரோமம் வாங்காமல் இருப்பது நல்லது.

ஊசிமுனை

ராட்டை சொல்வதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. ஆனாலும் இவர்களுக்கு இப்போது ரோமம் வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அம்மா திரும்பிப் போவதற்குள் 3 கிலோ ரோமத்தைக் கழுவி, சிக்கெடுத்து, நூற்று, முறுக்கி, பின்னி முடிக்க முடியாது. நூற்பாலையில் கொடுத்தால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கூலியும் பெரும்பாலும் நீங்கள் கொடுக்கும் எடைக்குத்தான், கழுவிய எடைக்கு அல்ல. கழுவிச் சீவிய பட்டை (நூற்கத் தயாரான ரோமம்) 4 அவுன்ஸ் 15 முதல் 25 டாலருக்குள் வரும், தக்கிளி 25 முதல் 40. அந்த ஆசைக்கு அது போதும்.

ராட்டை

சரி, அதையும் ஏற்கிறேன். சீவிய பட்டையில் ரோம்னி அல்லது கோரிடேல் கேளுங்கள், இழை நீளம் 8 முதல் 12 செ.மீ. வழுவழுப்பான மெரினோ, அல்பாக்கா, பட்டு கலந்தது மூன்றும் கைக்குப் பழகாதவருக்கு நழுவும்.

தக்கிளி 35 முதல் 50 கிராம், தட்டு மேல்பக்கம் இருப்பது. கடையிலேயே சுழற்றிவிட்டுப் பாருங்கள், தள்ளாடாமல் அரை நிமிடமாவது சுற்ற வேண்டும். அம்மாவின் பஞ்சுத் தக்கிளி இதைவிட ரொம்ப இலகு. தரையிலோ கிண்ணத்திலோ ஊன்றிச் சுற்றியிருப்பார். இது நூலில் தொங்கும். பஞ்சின் இழை 3 செ.மீ., அதனால் விரல்களைப் பக்கத்தில் வைத்தே இழுத்துப் பழகியிருப்பார். கம்பளியில் அப்படி இழுத்தால் ஒரே இழையின் இரண்டு முனையையும் இரண்டு கையும் பிடித்திருக்கும், அசையவே அசையாது. கைகளுக்கு நடுவே 12, 15 செ.மீ. இடைவெளி விட்டால் வெண்ணெய் மாதிரி வரும். இந்த ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், பஞ்சு நூற்ற கை மீதியைத் தானே பிடித்துக்கொள்ளும்.

முதலில் 60 செ.மீ. கம்பளி நூலைக் கட்டி, தக்கிளியைச் சுற்றிவிட்டு, முழங்கால் நடுவே பிடித்து நிறுத்துங்கள். பிறகு இழுத்து முறுக்கை உள்ளே விடுங்கள். சுற்றுவதும் இழுப்பதும் தனித்தனியாக இருந்தால் தக்கிளி கீழே விழாது. நூல் அறுந்து விழுந்தால் முறுக்கு போதவில்லை, பட்டை இழுபடாமல் அடம்பிடித்தால் முறுக்கு பட்டைக்குள் ஏறிவிட்டது. இரண்டு புரியாகச் சேர்க்கும்போது நூற்றதற்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும்.

மஞ்சள்நூல்

அப்படியானால் ஸ்வெட்டர் நூல், ஒரு தக்கிளி, ஒரு பட்டை. 200 கொஞ்சம் தாண்டும், பரவாயில்லை. கடைசியாக ஒன்று: இந்த நூலையெல்லாம் கொடைக்கானலுக்கு எடுத்துப் போனால் பூச்சி அரிக்காதா? அங்கே மழைக்காலத்தில் அலமாரியே பூஞ்சை பிடிக்கும்.

முப்புரி

அந்துப்பூச்சியின் புழுதான் அரிக்கும், பறக்கும் பூச்சி அல்ல. அது தேடுவது இருட்டும் அசையாத இடமும் வியர்வை, எண்ணெய் ஒட்டிய கம்பளியும். அதனால் புது நூலைவிட, ஒரு தடவை போட்டுக் கழுவாமல் மடித்த ஸ்வெட்டருக்குத்தான் ஆபத்து அதிகம்.

விழாவில் வாங்கியதை வீட்டிலிருக்கும் மற்றக் கம்பளியோடு உடனே கலக்காதீர்கள். பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. அறை வெப்பத்துக்கு வரும்வரை ஒரு நாள் மூடியே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஈரம் நூலில் படியும்.

கொடைக்கானலில் பிளாஸ்டிக் பையில் கட்டி மாதக்கணக்கில் வைப்பதாக இருந்தால் நூல் முழுக்கக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட வேண்டும். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை உள்ளேயே பிடிக்கும். அது வேண்டாமென்றால் நெருக்கமாக நெய்த பருத்தித் தலையணை உறையில் போட்டு வாயை இறுகக் கட்டி, மாதம் ஒரு முறை வெயிலில் உதறுங்கள். வேப்பிலையும் வசம்பும் வைக்கலாம், பூச்சி வரத் தயங்கும். உள்ளே ஏற்கெனவே முட்டை இருந்தால் அவை ஒன்றும் செய்யாது.

சிட்டத்தை ஊரில் பிரிப்பதாக இருந்தால் முறுக்கை மட்டும் அவிழ்த்து, இரண்டு நாற்காலி முதுகில் மாட்டி, நாலு இடத்தில் போட்டிருக்கும் கட்டுகளை அதற்குப் பிறகே வெட்டச் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன் வெட்டினால் 200 கஜமும் சிக்கு. கடையில் பந்து சுற்றும் கருவி வைத்திருந்தால் அங்கேயே சுற்றித் தருவார்களா என்று கேளுங்கள், ஆனால் உடனே பின்னப் போகும் இரண்டு சிட்டத்துக்கு மட்டும். பந்தாகச் சுற்றி மாதக்கணக்கில் வைத்தால் நூல் இழுபட்ட நிலையிலேயே நின்றுவிடும், பின்னிக் கழுவியதும் சுருங்கும்.